இயர் பிளக் போட்டும் காது மந்தமாவது ஏன்?

கோவைப் பக்கத்து நெசவாலைகளுக்குப் பாதுகாப்பு அலுவலர்களாகப் புதிதாக வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிளக்கே கொடுக்காமல் விடுவது, நைந்ததையே திரும்பத் திரும்பப் போடுவது எல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஒரு நிமிடம்தானே" என்று கழற்றுவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. மேஸ்திரி ஏதோ சொல்ல வருகிறார். நெசவாளி ஒரு காதின் பிளக்கை எடுத்துவிட்டுக் கேட்கிறார். பேச்சு முடிந்த பிறகும் அது சட்டைப்பையிலேயே கிடக்கிறது. அறுந்த இழையை முடிச்சுப் போட்ட பிறகுதான் அதன் நினைவே வருகிறது. புதிய அலுவலரோ, மீதி நேரமெல்லாம் போட்டிருக்கிறாரே என்று பதிவேட்டில் டிக் அடிக்கிறார்.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். அதற்குமேல் 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அனுமதிக்கும் நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிடம். அதாவது, 100 டெசிபல் இரையும் தறிக்கூடத்தில் அங்குமிங்குமாக 15 நிமிடம் காது திறந்திருந்தாலே அன்றைய கணக்கு தீர்ந்தது. மற்ற ஏழே முக்கால் மணி நேரம் எவ்வளவு விலை உயர்ந்த பிளக் போட்டிருந்தாலும் ஈடாகாது. 30 டெசிபல் குறைக்கும் பிளக்கைப் பாதி ஷிப்ட் மட்டும் போட்டால், மொத்தத்தில் கிடைக்கும் காப்பு 3 டெசிபல்தான்.

கழற்றுபவரைத் திட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள். இரைச்சல் 90ஐக்கூட எட்டாத வார்ப்பிங் (பாவு ஓட்டும்) பிரிவில் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "இதைப் போட்டால் மெஷின் சத்தம் மாறுவது தெரியவில்லை சார். இழை அறுந்தால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" அவர் கேட்டது முழு நியாயம். அங்கே போய் 33 டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் பிளக்கைக் கொடுத்திருந்தார்கள். குறைவாக அடைக்கும் ரகத்தைக் கொடுத்த பிறகு அவர் கழற்றுவதில்லை.

பேச்சு இருந்தால் கதவுக்கு வெளியே வந்து பேசட்டும். உள்ளே கைச்சாடை போதும். உதட்டசைவைப் படிப்பதில் தறிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

பெட்டியிலுள்ள எண்ணை நம்புவது

இத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது ஆய்வகத்து எண். நுரை பிளக்கென்றால் அதில் பாதியைக் கழித்துவிடச் சொன்னது நியாஷ், 1998இல்.

நுனியை மட்டும் செருகுவது

கையைக் கழுவிவிட்டு, பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிதாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். எதிரே நிற்பவர் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரிந்தால், எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

தொப்பிக்கு மேல் இயர் மஃப் (காதை வெளியிலிருந்து மூடும் கவசம்)

சந்து வழியே இரைச்சல் நுழையும். கண்ணாடிக் காம்பும் அப்படித்தான்.

காதில் கழிவுப் பஞ்சை அடைப்பது

வேண்டவே வேண்டாம்.

ஷிப்ட் நடுவே ஆடியோமெட்ரி (செவித்திறன் சோதனை)

முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது காது இரைச்சலிலிருந்து ஓய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தற்காலிக மந்தமும் அதில் சேர்ந்து பதிவாகி, பின்னால் வரும் உண்மையான இழப்பை மறைத்துவிடும். வார விடுமுறைக்கு மறுநாள், தறி ஓடத் தொடங்குமுன் அழைத்துப் போங்கள். சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு இறங்கியிருந்தால் (இரைச்சல் பாதிப்பின் அடையாளம் அது), அவர் பிளக் வைக்கும் விதத்தை அன்றே உட்கார்ந்து பாருங்கள்.