மொட்டை மாடி மழைநீர் எங்கே போய் முடிகிறது? சென்னை அடுக்குமாடிகளுக்கான டவுன் பைப் விதிகள்

அடைமழை நாளில் தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வருகிறதா? தெருவில் அடைப்பு என்று புகார் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் மாடிக் குழாய்கள் (மொட்டை மாடி மழைநீரைக் கீழே இறக்கும் டவுன் பைப்கள்) எங்கே முடிகின்றன என்று பாருங்கள். பாதிக் காரணம் உங்கள் சுவரிலேயே இருக்கலாம்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 16 வீடுகள், 400 சதுர மீட்டர் (சுமார் 4,300 சதுர அடி) மொட்டை மாடி என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டினால் 20,000 லிட்டர். அதே கட்டடத்தில் 64 பேர் தலைக்கு 135 லிட்டர் வீதம் புழங்கினால் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர்தான். பாதாளச் சாக்கடை இந்த இரண்டாவது கணக்குக்காகப் போடப்பட்டது. மழைநீரையும் அதில் விட்டால், இரண்டு நாள் கழிவுநீருக்கும் மேலான தண்ணீர் ஒரே மணி நேரத்தில் இறங்குகிறது. அது எதிர்த்து ஏறி முதலில் வெளியே வரும் இடம் தரைத்தள வீட்டுக் கழிப்பறை. அதனால்தான் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் இணைக்கக் கூடாது என்று குடிநீர் வாரியம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

முதல் வேலை: ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது?

பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம். மழை இல்லாத நாளில் ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் நில்லுங்கள். கீழே உள்ள எல்லாத் தொட்டி மூடிகளையும் திறந்து வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி மஞ்சள் தூளைக் கரைத்து, தளத்தில் சிந்தாமல் (கறை போகாது) ஒரு குழாயின் வாயில் மட்டும் ஊற்றுங்கள். நான்கு மாடியானாலும் சில வினாடிகளில் கீழே மஞ்சள் தெரிய வேண்டும்.

மழைநீர்க் கிணற்றுக்கு முன்னால் உள்ள வண்டல் தொட்டியிலோ வடிகட்டித் தொட்டியிலோ தெரிந்தால் சரி. கழிவுநீர்த் தொட்டியில் தெரிந்தால் அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எங்குமே தெரியாவிட்டால்தான் உண்மையில் கவலை: குழாய் மண்ணுக்குள் உடைந்து, மழை முழுக்க அஸ்திவாரத்துக்கு அடியில் போகிறது என்று அர்த்தம். நேரம் கழித்துச் சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. யாரும் ஊற்றாதபோதே நுரைத் தண்ணீர் வந்தால், ஏதோ ஒரு வீட்டின் வாஷிங் மெஷின் குழாய் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. பால்கனியை அடைத்துத் துவைக்கும் இடமாக மாற்றும்போது, பக்கத்தில் ஓடும் மழைநீர்க் குழாயில் ஒரு ‘டீ’ (மூன்று வழி இணைப்பு) போட்டுச் சேர்த்துவிடுவது பிளம்பர்களின் சுலப வழி. அந்தச் சோப்பு நீர் எல்லோருக்கும் பொதுவான மழைநீர்க் கிணற்றில் இறங்குகிறது. இதற்கு விட்டுக்கொடுக்கவே கூடாது; ஏ.சி. தண்ணீர் மட்டும் சேரலாம்.

இன்னொரு துப்பு: மாடிக் குழாய் வாயருகே சாக்கடை வாடை அடித்தால் மஞ்சள்கூடத் தேவையில்லை, அது பெரும்பாலும் கழிவுநீர்த் தொட்டியில்தான் இணைந்திருக்கிறது. துண்டிக்கும்போது தொட்டிப் பக்கத் துளையை எண்ட் கேப் (குழாய் முனை மூடி) போட்டு சிமெண்டால் பூசுங்கள். இல்லாவிட்டால் வாடையும் கரப்பானும் அந்த வழியாக வெளியே வரும்.

யார் பொறுப்பு, யார் செலவு

கூரை, அதன் குழாய்கள், கீழே உள்ள கிணறு எல்லாம் பொதுச் சொத்து. மேல்மாடி வீட்டுக்காரர் “என் தலைக்கு மேலே” என்றோ, தரைத்தள வீட்டுக்காரர் “என் ஜன்னலோரம்” என்றோ குழாயைத் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. செலவு எல்லோருக்கும். மாற்றம் எதுவானாலும் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, குழாய்க்கு எண் போட்டுக் குறித்து வையுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பழைய கட்டடங்களுக்கும் கட்டாயம். செய்யாவிட்டால் மாநகராட்சியே செய்து செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்க இடம் இருக்கிறது.

அடுத்த மனைக்குள் குழாயைத் திருப்பி விடுவது தனிச் சிக்கல். மேட்டு நிலத்தின் நீர் இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடுவதை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் கூரையில் சேர்த்துக் குழாய் வழியே கொட்டுவது இயல்பான ஓட்டம் அல்ல. அதற்கான உரிமை கிரயப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும், அல்லது 20 ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமையாக அனுபவித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குழாயைத் திருப்பிக்கொள்வதே நல்லது.

குழாயின் அளவு

மணிக்கு 10 செ.மீ. மழைக்கு, 100 மி.மீ. குழாய் ஒன்று தாங்கும் தளம் சுமார் 42 சதுர மீட்டர், 75 மி.மீ. குழாய் வெறும் 20 சதுர மீட்டர். நம் 400 சதுர மீட்டர் கட்டடத்துக்குப் பத்துக் குழாய் வேண்டும். நான்கே குழாய் இருக்கும் கட்டடங்களில் மாடியில் குளம் கட்டுவதும், மேல்வீட்டுக் கூரை கசிவதும் இதனால்தான். தளத்தின் வாட்டம் நூறு அடிக்கு ஓரடி குழாய் வாயை நோக்கி இருக்க வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில் (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி. குழாய்) ‘ஏ’ வகை மழைநீருக்கு, ‘பி’ வகை கழிவுநீருக்கு. கிளாம்ப் ஆறடிக்கு ஒன்று. அடிமுனையில் வெறும் எல்போ வேண்டாம். திறந்து சுத்தம் செய்ய மூடியுள்ள பென்ட் (வளைவுக் குழாய்) போடுங்கள்.

கீழே: கிணறு

மூன்றடி விட்டம், 15 அடி ஆழமுள்ள உறைக்கிணறு சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். முதலில் சொன்ன மணிக்கு 5 செ.மீ. மழையில் நிமிடத்துக்கு 330 லிட்டருக்கு மேல் வருவதால், மண் உறிஞ்சாவிட்டால் ஒன்பது நிமிடத்தில் நிரம்பிவிடும். “ஒரு குழி இருக்கிறது, போதும்” என்பது இங்கேதான் பொய்க்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடங்களில் தண்ணீர் உடனே இறங்கும். களிமண் பகுதியில் கிணற்றின் அடியிலிருந்து மணல் படுகை வரை ஒரு துளை போட வேண்டும், கிணறுகளும் கூட வேண்டும். எங்கேயானாலும் நிரம்பி வழியும் நீர் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போக ஒரு குழாய் அவசியம். அதற்குத் தெருவைத் தோண்ட மாநகராட்சி அனுமதி வாங்குங்கள்.

கிணற்றுக்குள் ஜல்லியும் மணலும் கொட்டி நிரப்பாதீர்கள். பிடிக்கும் இடம் போய்விடும், அடைத்தால் எடுக்கவும் முடியாது. முன்னால் இரண்டரை அடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயில் வலை கட்டினால் கூரை நீருக்கு அது போதும். மணல் அடுக்கு சம்ப்புக்கோ (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) போர்வெல்லுக்கோ விடும் நீருக்கு மட்டும்: கீழே ஓரடி 40 மி.மீ. ஜல்லி, மேலே அரையடி 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் அரையடி ஆற்றுமணல். வடிகட்டாமல் போர்வெல்லில் விட்டால் அதன் துளைகள் வண்டலால் அடைபடும்.

சம்ப்புக்கு விடுவதென்றால் முதல் மழை வேண்டாம். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம், ஒரு குழாய்க்கு சுமார் 40 லிட்டர் அழுக்கு நீர் வெளியே போக வேண்டும். இடுப்பு உயரத்தில் ‘டீ’ வைத்து இரண்டு வால்வு போடுங்கள். யார் திருப்புவது என்று பெயர் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் யாரும் திருப்ப மாட்டார்கள்.

புரட்டாசி முடிவதற்குள்

வேப்பிலை, பந்து, புறாக் கூடு எல்லாம் கையால் எடுத்துவிடலாம். எடுக்க முடியாதது சிமெண்ட். மாடியில் தட்டோடு மாற்றினாலோ ஒழுகலுக்குப் பூசினாலோ, வேலை முடிந்ததும் கொத்தனார் சட்டியைக் கழுவி ஊற்றுவது குழாய் வாயில்தான். அந்தக் குழம்பு பென்டில் தங்கி இறுகிவிட்டால் குழாயை அறுத்துத்தான் மாற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன்பே எல்லா வாய்களிலும் சாக்குத் துணியை அடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் எத்தனை அடைத்தீர்களோ அத்தனையையும் எண்ணி எடுங்கள்.