மீனை விட்டாச்சு, இனித் தட்டில் என்ன? மரக்கறிக்கு மாறுகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்துவிட்டு "இனி நான் மச்சம் சாப்பிடமாட்டேன்" என்றால் வீட்டில் முதலில் சிரிப்பார்கள், இரண்டு கிழமை போனதும் அம்மா கவலைப்படத் தொடங்குவார். என் கதையும் அதுதான். கந்தசஷ்டி ஆறு நாளும் மரக்கறியோடு இருந்தேன், உடம்பு லேசாக இருந்தது, தொடர்ந்தால் என்ன என்று தொடர்ந்துவிட்டேன். சில மாதம் கழித்து கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கவே மூச்சு வாங்கியது. இரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் குறைவு. "ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிடுறீங்க?" என்று டொக்டர் கேட்டார். சோறு, உருளைக்கிழங்குப் பாற்கறி, சொதி, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை ஏழு நாளும் சாப்பிட்டிருக்கிறேன். கிழமையில் ஒரு நாளைக்கு அது போதும், மிச்ச நாளில் மீன் ஈடுகட்டிவிடும். மீனே இல்லையென்றால்?

1. மீன் பார்த்த வேலைகளைக் கணக்கெடுங்கள்

புரதம் ஒன்று. விற்றமின் பி12 இன்னொன்று. கடல் மீனில் அயடீன். நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு மென்று தின்போமே, அதில் கல்சியம். கொஞ்சம் இரும்புச்சத்தும் உண்டு. இத்தனையையும் ஒரு கிழங்குக்கறியின் தலையில் கட்ட முடியாது, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள் வேண்டும்.

2. தானியச் சோற்றோடு தினமும் பருப்புவகை

வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ என்றால் 48 கிராம். பயமாகத் தெரியும், ஆனால் எட்டக்கூடியதுதான். காய்ந்த பருப்பு, பயறு, கௌப்பி, கடலை எதிலும் 100 கிராமில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். நாளுக்கு 75 கிராம் பருப்புவகை, இரண்டு நேரச் சோறு, ஒரு கப் தயிர், ஒரு கைப்பிடி கச்சான் என்று போனால் ஐம்பதுக்குக் கிட்ட வந்துவிடும். சோற்றில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெதியோனின் என்ற புரதக்கூறு சோற்றில் இருக்கிறது, அதனால் இரண்டும் சோடி. ஒரே நேரத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் வந்தால் சரி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பருப்புக்கறி என்று வைப்பதில் பாதிக்கு மேல் தண்ணியும் தேங்காய்ப்பாலும்தான். சோற்றின்மேல் ஒரு அகப்பை ஊற்றிவிட்டு புரதம் சாப்பிட்டேன் என்று சொல்லக்கூடாது. கட்டியாக வையுங்கள். காலையில் பிட்டோடு அவித்த கௌப்பி, பின்னேரம் தாளித்த கடலை என்று பிரித்துக்கொண்டால் அலுக்காது. சோயாமீற்றில் ஏறக்குறைய பாதி புரதம்தான், கிழமையில் இரண்டு தரம் நல்லது, தினமும் அதே என்றால் எனக்கு வாய் கசக்கிறது.

பயறு முளைக்க வைப்பது மிகச் சுலபம். இரவு ஊறப்போடுங்கள், காலையில் தண்ணியை முழுக்க வடித்து ஈரத்துணியில் தளர்வாக முடிந்து குசினியில் தொங்கவிடுங்கள், துணி காய்ந்தால் தண்ணி தெளியுங்கள். எங்கள் ஊர் வெக்கைக்கு மறுநாள் காலையிலேயே வெள்ளை மூக்கு எட்டிப்பார்க்கும். புளிச்ச மணம் வந்தால் தண்ணி சரியாக வடியவில்லை என்று அர்த்தம், அதைக் கொட்டிவிட்டு திரும்ப வையுங்கள். ஊறி முளைத்தால் இரும்பையும் நாகத்தையும் (சிங்க்) உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேற் குறைகிறது. முளைத்ததை ஒரு கொதி ஆவியில் அவித்துச் சாப்பிடுவதுதான் வயிற்றுக்கு நல்லது.

3. இலைவறை, தேசிக்காய், தேத்தண்ணி

நான் சறுக்கிய இடம் இதுதான். மரக்கறியில் உள்ள இரும்பு, மீன் இறைச்சியில் உள்ளதுபோல எளிதில் உடம்பில் சேராது. விற்றமின் சி கூட வந்தால் நன்றாகச் சேரும், தேத்தண்ணி கூட வந்தால் சேராது. நானோ சாப்பிட்டுக் கை கழுவ முன்னமே பிளேன்ரீ கேட்கிற ஆள்! இப்போது ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கிறேன்.

முருங்கை இலை, பொன்னாங்காணி, வல்லாரை, அகத்தி, ஏதாவது ஒன்று ஒவ்வொரு நாளும். முருங்கை இலையை உருவி, குறுணியாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், தேங்காய்ப்பூ போட்டு மூன்று நாலு நிமிசம் பிரட்டுங்கள். இறக்கி, சூடு கொஞ்சம் ஆறியபிறகு தேசிக்காய் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும், சூட்டில் விற்றமின் சியும் குறையும். பின்னேரம் ஒரு கொய்யாப்பழம் கிடைத்தால் இன்னும் நல்லது.

4. கல்சியம்

இதில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். சட்டியில் வரும் எருமைத்தயிர் இருக்கிறதே! சீனியைத்தான் பார்த்துப் போடுங்கள். எள்ளுருண்டை, குரக்கன் பிட்டு, குரக்கன் ரொட்டி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

5. பி12 பற்றி ஏமாறாதீர்கள்

கீரையிலோ பருப்பிலோ இது கிடையாது. நாளுக்கு 2.4 மைக்ரோகிராம்தான் தேவை, ஒரு கப் பாலில் ஏறக்குறைய 1 இருக்கும், முட்டையில் அதைவிடக் குறைவு. முன்பு மீனில் சேர்த்த கையிருப்பு ஈரலில் சில வருடம்கூட நிற்கும், அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, பிறகு கால் விறைப்பு, நாக்குப் புண், களைப்பு என்று மெல்ல வரும். பால், தயிர், முட்டை எதுவுமே வேண்டாம் என்கிறவர்களுக்குக் குளிசை கட்டாயம். மற்றவர்கள் டொக்டரைக் கேட்டு வருடத்துக்கு ஒருதரம் சோதித்துக்கொள்ளலாம். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டுகிறவர்களும் மாறமுன்னமே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

6. உப்பு

அயடீன் சேர்த்த பக்கற் உப்பு. அவ்வளவுதான்.

7. கடைச் சாப்பாடு

மாசியைத்தான், அதாவது இடித்துப் போடுகிற காய்ந்த மீனைத்தான், கவனிக்க வேண்டும். சம்பல், கட்டச்சம்பல், சிலவேளை பருப்புக்கறியில்கூட இடித்துப் போட்டிருப்பார்கள், பலருக்கு அது மச்சமாகவே தெரியாது. "மரக்கறிதானே அண்ணன்?" என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும், "மாசி போட்டதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். போன கிழமையும் ஒரு கடையில் அப்படிக் கேட்டேன். "சாய், மாசியெல்லாம் இல்ல தம்பி," என்றவர் சம்பலை வைத்துவிட்டுப் போகப்போய்த் திரும்பி, "மணத்துக்குக் கொஞ்சம் போட்டது," என்றார்.