வெளியில் ஓடும் தண்ணீர் பைப்: குமரி மாவட்டத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்தால் போதும், பைப்பில் ஃபோம் சுற்றுங்கள், ராத்திரி குழாயைச் சொட்ட விடுங்கள் என்று குறிப்புகள் போனில் வர ஆரம்பிக்கும். உறைபனி விழும் ஊட்டிப் பக்கத்துக்கு அதெல்லாம் சரி. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், அந்த நெருக்கத்தில் பைப் வெடிக்கும். நாகர்கோவிலிலும் குளச்சலிலும் தண்ணீர் உறைய வழியே இல்லை. நம் பைப்புகளைக் கெடுப்பது வெயிலும் உப்புக்காற்றும்தான். அந்தக் குறிப்பை நம்பி ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்பில், சாக்கையோ ஃபோமையோ சுற்றி வைத்தால், வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே துரு ஏறுவது வெளியே தெரியாது.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, மொட்டை மாடியில் பி.வி.சி. பைப்பை வெயிலில் அப்படியே விடுவது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பைப்பின் மேற்பரப்பு நிறம் மாறும், தடவினால் விரலில் மாவு ஒட்டும். தண்ணீரின் அழுத்தத்தை அது அதற்குப் பிறகும் தாங்கிக்கொண்டிருக்கும் என்பதால் யாரும் கவனிப்பதில்லை. போயிருப்பது அடி தாங்கும் சக்தி. தென்னை மட்டை ஒன்று விழுந்தாலும் தெறித்து உடையும். வீட்டைச் சுற்றித் தென்னை நிற்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. சுடுதண்ணீருக்குப் போடும் சி.பி.வி.சி. பைப் சூடு தாங்கும், அதனால் வெயிலும் தாங்கும் என்று நினைக்கிறார்கள். அதற்கும் இதே கதிதான்.

இதற்குச் செலவு குறைந்த வழி, வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் பெயின்ட். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, இரண்டு கோட் அடித்தால் போதும். கேட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமலைத் தின்னர் ஊற்றி அடிக்காதீர்கள், அந்தக் கரைப்பான்கள் பிளாஸ்டிக்கைப் பாதிக்கக்கூடும். கறுப்பு பெயின்ட்டும் வேண்டாம், வெயிலை இழுத்துத் தண்ணீர் சூடேறும். மண்ணுக்குள் பதிக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. செம்மண்ணில் கிடக்கும் கல் குத்தாமல் அடியில் மணல் விரிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கிளாம்ப். பைப் அசையாமல் இருக்கட்டும் என்று இறுக்கிப் பிடித்து ஆணி அடிப்பார்கள். 10 மீட்டர் பி.வி.சி. பைப், 20 டிகிரி சூடு கூடினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடமில்லை என்றால் அந்த இழுப்பெல்லாம் பைப் திரும்பும் இடத்து எல்போவில் போய் விழும், ஜாயின்ட் கசியும். பைப் நழுவும் அளவுக்குக் கிளாம்ப் தளர்வாக இருக்கட்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று பைப்பைப் போட்டு ஆட்டும். அங்கே இறுக்குவதற்குப் பதிலாக, கிளாம்ப்புகளை நெருக்கி அடித்தால் போதும்.

ஒட்டும் வேலையை உச்சி வெயிலில் செய்யச் சொல்லாதீர்கள். பைப்பைச் செருகும் முன்பே ஒட்டும் சொல்யூஷன் காய்ந்துவிடும். காலையில் ஒட்டி, கால் சுற்று திருப்பி, அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மோட்டாரை மறுநாள் போடுவதே பாதுகாப்பு.

முட்டம், மணக்குடி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கிளாம்ப்பும் ஆணியும்தான் முதலில் போகும். பிளாஸ்டிக் கிளாம்ப் வாங்குங்கள். ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேளுங்கள். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் 304 ரகத்தை விட உப்பைத் தாங்கும். பித்தளைக் குழாயை நேரே ஜி.ஐ. பைப்பில் மாட்டுவதும் தவறு. இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்தால் பைப்பின் துத்தநாகப் பூச்சு அரித்துப்போகும், பிறகு இரும்பு. நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு போட்டால் தீர்ந்தது. தோட்டத்துக்குப் பி.டி.எம்.டி. என்ற பிளாஸ்டிக் குழாயே போதும், அது துருப்பிடிக்காது. பளபளப்புக் குழாயில் உப்புக்கறை படிந்தால் பாத்ரூம் ஆசிட்டை எடுக்காதீர்கள், முலாம் உரிந்துவிடும். நல்ல தண்ணீர் நனைத்த துணியால் அடிக்கடி துடைத்தாலே கறை படியாது.

குழாய் மாட்டும்போது டெஃப்ளான் டேப்பைச் சுற்றி, ரெஞ்சால் கடைசிவரை முறுக்குவதும் வழக்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் மரை அன்றைக்குத் தாங்கும், சில நாள் கழித்துக் கீறும். பித்தளை மரை வைத்த எல்போ கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் வாங்கலாம். அப்புறம், சுவரில் பிடிமானம் இல்லாமல் நிற்கும் குழாயில் வாளியை மாட்டாதீர்கள்.

மெயின் வால்வை மறந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தொடாத கேட் வால்வு உப்புப் பிடித்து இறுகிவிடும். பைப் உடையும் நாளில் டேங்க் முழுக்கக் காலியாவது அதனால்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் முழுக்க மூடித் திறந்து பாருங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.