தசைநாண் வலி சிகிச்சை ஆய்வைப் படிப்பது எப்படி?

முதலில், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா என்று பாருங்கள். தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலி தானாகவே ஏறி இறங்கும், வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் ஆய்வில் சேருவோம், அதனால் என்ன செய்தாலும் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் தெரியும். நெதர்லாந்தில் குதிகால் தசைநாண் வலி உள்ள 54 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் பாதிப் பேருக்கு பி.ஆர்.பி. ஊசி (அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் நிறைந்த திரவம்), மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர், எல்லோருக்கும் உடற்பயிற்சி. 24 வாரத்தில் இரு குழுவும் தேறின, பெரிய வித்தியாசம் இல்லை. உப்புநீர்க் குழு இல்லையென்றால் ஊசியால்தான் குணம் என்று நம்பியிருப்போம்!

அப்புறம், எத்தனை நாள் கவனித்தார்கள்? இது ரொம்ப முக்கியம். ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்கள் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் முழங்கை வலியை ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், ஊசி போட்டவர்கள் போடாதவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

உடற்பயிற்சி ஆய்வா? அளவு எழுதியிருக்கிறதா பாருங்கள். 1998-இல் குதிகால் தசைநாண் வலிக்கான பயிற்சியை ஆராய்ந்த ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு தெளிவாகச் சொன்னது: குதிகாலை மெதுவாக இறக்குவது, முழங்காலை நீட்டியும் மடக்கியும், 15 தடவை வீதம் 3 சுற்று, தினம் இருவேளை, 12 வாரம். சரி, ஆனால் அதைச் செய்தவர்கள் 15 பேர்தான், குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை.