ஹெச்-1பி விசாவில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குவது எப்படி?

கிரீன் கார்டு வராமல் வீட்டுக் கடன் கிடைக்காது, கிடைத்தாலும் 20% முன்பணம் கட்டாயம் என்று பலர் நம்பி, வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இரண்டுமே தவறு. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்கீழ் வரும் கன்வென்ஷனல் (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண) கடனில், சட்டப்படி தங்கி வேலை பார்ப்பவருக்கும் குடிமகனுக்கும் ஒரே நிபந்தனைதான். 5% முன்பணத்திலேயே வாங்கலாம். 20 சதவீதத்துக்குக் குறைந்தால் பி.எம்.ஐ. என்ற காப்பீட்டுத் தொகை மாதத் தவணையோடு சேரும். அரசுக் காப்பீடு உள்ள எஃப்.ஹெச்.ஏ. கடன் மட்டும் 2025 மே 25 முதல் தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது.

ஆனால் ஒவ்வொரு லெண்டரும் (கடன் கொடுப்பவர்) இதற்கு மேல் தன் சொந்த நிபந்தனைகளைப் போடுவார். அதனால் முதல் போனிலேயே, “விசாவில் எத்தனை மாதம் மீதி இருக்க வேண்டும்? ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் கேட்பீர்களா?” என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்தவரிடம் போங்கள். மூன்று நான்கு பேரிடம் 14 நாளுக்குள் விண்ணப்பித்துவிட்டால், கிரெடிட் ஸ்கோரில் அது ஒரே விசாரணையாகத்தான் கணக்காகும். விண்ணப்பித்த 3 வேலை நாளில் வட்டி, கட்டண விவரம் கொண்ட லோன் எஸ்டிமேட் வரும். வட்டியை மட்டும் பார்க்காமல் கட்டணங்களையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்), ஐ-94 (எதுவரை தங்கலாம் என்ற நுழைவுப் பதிவு), பாஸ்போர்ட், கடைசி 30 நாள் சம்பளச் சீட்டு, 2 வருட டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிச் சான்று), 2 மாத வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவை கையில் இருக்கட்டும். அமெரிக்காவுக்கு வந்து 2 வருடம் ஆகவில்லையென்றால், இந்தியாவில் பார்த்த வேலைக்கான அனுபவச் சான்றும் கணக்கில் வரும். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தால் பதற வேண்டாம், அது நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். பார்க்க வேண்டியது ஐ-94 தேதி. பாஸ்போர்ட் சீக்கிரம் முடிவதாக இருந்தால், விமான நிலையத்தில் ஐ-94-ஐயும் அதே தேதியோடு முடித்துவிடுவார்கள். ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் அதைச் சரிபாருங்கள்.

மாத வருமானம் வரிக்கு முன் 10,000 டாலர் என்றால், வீட்டுத் தவணை, சொத்து வரி, காப்பீடு, ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கக் கட்டணம்), கார் லோன் எல்லாம் சேர்த்து 4,500 டாலருக்குள் நிற்கட்டும். வருமானத்தில் 50% வரை ஒப்புதல் கிடைப்பதுண்டு. ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் குடும்பம் அதுவரை போகக் கூடாது. க்ளோசிங் (கையெழுத்திட்டு வீடு கைமாறும் நாள்) செலவுக்கு விலையில் 2 முதல் 5% தனியாக வேண்டும்.

அதிகம் சிக்குவது இந்தியாவிலிருந்து வரும் பணத்தில்தான். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே தடவையில் கணக்கில் விழுந்தால், எங்கிருந்து வந்தது என்று கடனைப் பரிசீலிக்கும் அண்டர்ரைட்டர் ஆதாரம் கேட்பார். க்ளோசிங்குக்கு முன் அந்தப் பணம் டாலராகி அமெரிக்க வங்கியில் இருக்க வேண்டும். என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானம் போடும்) கணக்கிலிருந்து தடையில்லாமல் அனுப்பலாம், என்.ஆர்.ஓ. (இந்திய வருமானம் போடும் கணக்கு) என்றால் வரிச் சான்றிதழ் வாங்கவே நாளாகும். அப்பா அம்மா தருவதானால் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20% டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடித்தம் உண்டு, அதை அவர்கள் வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். திருப்பித் தர வேண்டியதில்லை என்று எழுதிய கிஃப்ட் லெட்டர் கட்டாயம். ஒரு வருடத்தில் வெளிநாட்டுப் பரிசு 1,00,000 டாலரைத் தாண்டினால், படிவம் 3520-ஐ அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்ஸிடம் நீங்கள் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் அபராதம் பெரிது. இந்த வேலைகளை வீடு தேடத் தொடங்குவதற்கு 3 மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஒப்புதல் வந்த பிறகு கம்பெனி மாறாதீர்கள், புதுக் கார் எடுக்காதீர்கள். கையெழுத்துக்கு முந்தைய 10 வேலை நாளுக்குள் லெண்டர் உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு, வேலையில் இருக்கிறீர்களா என்று மறுபடி கேட்பார்.

வேலை போனால் விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். கடன் அப்படியே தொடரும். 6 மாதத் தவணையைத் தொடாமல் வையுங்கள். ஊர் திரும்ப நேர்ந்தால், வீட்டை விற்பதா வாடகைக்கு விடுவதா என்று கிளம்புவதற்கு முன்பே முடிவெடுங்கள். வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகிவிட்ட பின் விற்றால், ஃபிர்ப்டா சட்டத்தின்கீழ் பொதுவாக விற்பனை விலையில் 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து ஐ.ஆர்.எஸ்ஸுக்குக் கட்டுவார். லாபத்தில் அல்ல, விலையில். கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெற வரிக் கணக்கு தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.