பெங்களூரிலிருந்து தனியாகக் கடலோரம்: ஓய்வுக்கென்றே ஒரு நாலு ராத்திரித் திட்டம்

பெங்களூர்த் தமிழருக்குக் கடல் என்றால் பாண்டிச்சேரி, இல்லையென்றால் மகாபலிபுரம். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் பஸ் ஏறி, சனிக்கிழமை கூட்டத்தில் நசுங்கி, ஞாயிறு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்து, திங்கள் காலை கண் எரிய எரிய லாகின் செய்கிறோம். அது ஊர் சுற்றல். ஓய்வு கணக்கில் வராது. உடம்பும் மனசும் அலுத்துப்போய், தனியாக நாலு நாள் எங்காவது கிடந்துவிட்டு வர நினைப்பவர்களுக்கு உத்தர கன்னடக் கடற்கரைதான் சரி. ஹொன்னாவர், கும்டா, அங்கோலா பக்கம். ஒரு ராத்திரி ரயிலில் போய்விடலாம். காய்கறிக்காரரிடம் பேசுகிற நம் கன்னடமே அங்கே போதும்.

திட்டம் போடும்போது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: அங்கே போன பிறகு முடிவெடுக்கிற வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. எங்கே சாப்பிடுவது, நாளைக்கு எந்த பீச், ஆட்டோ கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தால் ஆபீஸ் தலைவலி இடம் மாறியதுதான் மிச்சம். ஒரே ஊர், ஒரே அறை, மூன்று வேளைச் சாப்பாடு அங்கேயே. கோகர்ணாவில் ஒரு ராத்திரி, முருடேஸ்வரில் ஒரு ராத்திரி, கார்வாரில் ஒரு ராத்திரி என்று பிரிப்பவர்கள் பாதி நேரம் மூட்டை கட்டுவதிலும் செக்-இன் செய்வதிலுமே இருப்பார்கள்.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை. மார்ச்சில் புழுக்கம் தொடங்கும். மே மாதம் வெளியே தலைகாட்ட முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அழகுதான், ஆனால் கடலில் கால் நனைக்கவே முடியாது. சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடுக்கும் நடுவே உள்ள மலைப்பாதையில் மண் சரிந்தால் ரயில் ரத்தாகும். 2024 ஜூலையில் அங்கோலா பக்கம் ஷிரூரில் தேசிய நெடுஞ்சாலை 66 மேலேயே மலை சரிந்து உயிர்கள் போயின. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடையும் உண்டு என்பதால் அப்போது தட்டில் விழும் மீன் பெரும்பாலும் ஐஸ் பெட்டியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

நல்ல மாதங்களிலும் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை உள்ள வாரம், சிவராத்திரி (கோகர்ணாவில் தேர், அக்கம்பக்கத்து ஊர்களில்கூட அறை கிடைக்காது), நீண்ட வார இறுதிகள் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

நாள் கணக்கு இப்படி: ஞாயிறு மாலை ரயில் ஏறினால் திங்கள் காலை அங்கே. திங்கள் முதல் வியாழன் வரை நாலு ராத்திரி. வெள்ளி மாலை திரும்ப ரயில், சனி காலை பெங்களூர். ஐந்து நாள் லீவு ஆகும். பெங்களூர்க் கூட்டம் வெள்ளி ராத்திரி கிளம்பி ஞாயிறு ராத்திரி திரும்பும். நீங்கள் அதற்கு நேர் எதிராகப் போகிறீர்கள். டிக்கெட் சுலபம், அறை வாடகை குறைவு, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பீக்கர் பாக்ஸோடு வரும் பத்துப் பேர் கோஷ்டி பக்கத்து அறையில் இருக்காது. லீவு நாலு நாள்தான் கிடைக்கும் என்றால் ஞாயிறுக்குப் பதில் திங்கள் மாலை ரயில் ஏறி, தங்குவதில் ஒரு ராத்திரியைக் குறையுங்கள். திரும்பி வந்ததும் வீட்டில் கிடைக்கும் ஓய்வு நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ரயில்

பஞ்சகங்கா எக்ஸ்பிரஸ், எண் 16595. கே.எஸ்.ஆர். பெங்களூரிலிருந்து தினமும் மாலையில் கிளம்பி ஹாசன், சக்லேஷ்பூர், உடுப்பி வழியாகக் கார்வார் போகிறது. மங்களூர் ஊருக்குள் நுழையாமல் படீல் வழியாகத் திரும்பிவிடுவதால் நேரம் மிச்சம். திரும்புவதற்கு 16596. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். தட்கலை நம்பி லீவு போடாதீர்கள்.

ஹொன்னாவர், கும்டா மாதிரி நிலையங்களில் வண்டி ஓரிரு நிமிடம்தான் நிற்கும், அதுவும் அதிகாலையில். தூங்கிப்போய் அங்கோலாவில் போய் இறங்குபவர்கள் உண்டு. ரயில்வேயின் 139-க்கு அழைத்து, இறங்கும் நிலையத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியிலும் ஒன்று வையுங்கள். இருட்டாக இருந்தால் வெளிச்சம் வரும்வரை நிலையத்திலேயே உட்காருங்கள். அரை மணி நேரம் பெரிய விஷயமில்லை.

தனியாகக் கார் ஓட்டிப் போகலாமா? வேண்டாம். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்து, மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனால் முதல் நாள் முழுக்க முதுகுவலிக்குப் போய்விடும்.

எந்த ஊர்

கோகர்ணாவும் முருடேஸ்வரும் பெயர் போன இடங்கள், அதனாலேயே இந்தத் திட்டத்துக்கு ஒத்துவராது. கும்டாவைச் சுற்றி உள்ள சிற்றூர்கள் இதற்கு ஏற்றவை: தெற்கே தாரேஸ்வர், வடக்கே அகநாசினி ஆறு கடலில் கலக்கும் பக்கம். அகநாசினி அணையே கட்டாத ஆறு. அதன் கழிமுகம் 2024-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கடல் வற்றும் இறக்க நேரத்தில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிளிஞ்சல் அள்ளுவதைப் பார்க்கலாம். ததடிக்கும் அகநாசினி ஊருக்கும் நடுவே படகு போகும். அக்கரைக்குப் போகும்போதே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறவிட்டால் சாலை வழியாக ஆற்றைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

கொஞ்சம் வசதி வேண்டுமென்றால் ஹொன்னாவர். ஷராவதி கடலில் சேரும் இடம். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாலத்தில் நடக்கலாம். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு உடனே பிடித்துவிடும். பக்கத்தில் உள்ள காசர்கோடு கடற்கரை 2020-இல், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றைப் பெற்றது. மேப்பில் தேடும்போது ஹொன்னாவரைச் சேர்த்துத் தேடுங்கள், இல்லையென்றால் கேரளத்துக் காசர்கோட்டுக்கு வழி காட்டும்.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை

செயலியில் படம் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். போனில் பேசுங்கள். முதல் வார்த்தையே "நானு ஒப்னே பர்த்தீனி" (நான் தனியாகத்தான் வருகிறேன்), பெண்ணாக இருந்தால் "ஒப்ளே". தனி ஆளுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜ்களும் ஹோம்ஸ்டேக்களும் இருக்கின்றன. தனி ஆணென்றால் குடித்துவிட்டு ரகளை செய்வானோ என்ற பயம், தனிப் பெண்ணென்றால் நமக்கேன் வம்பு என்ற எண்ணம். கருக்கலில் பையோடு வாசலில் நிற்கும்போது அதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. எங்கே வேலை, எத்தனை நாள், எதற்காக வருகிறீர்கள் என்று இரண்டு வரி சொன்னாலே பலர் இளகிவிடுவார்கள்.

அடுத்து தூரம். "பீச் பக்கத்திலேதான்" என்ற பதிலை ஒப்புக்கொள்ளாதீர்கள். நடந்தால் எத்தனை நிமிடம், நடுவே ஹைவே குறுக்கிடுகிறதா என்று கேளுங்கள். நெடுஞ்சாலையைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே போகச் சோம்பல் வந்துவிடும். வீட்டுக்காரர் குடும்பம் அதே வளாகத்தில் இருக்கிறதா, மூன்று வேளையும் சாப்பாடு உண்டா, கொசுவலை, வெந்நீர், கரண்ட் போனால் இன்வெர்ட்டர், நிலையத்துக்கு ஆட்டோ அனுப்புவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு இதில் முதல் கேள்விதான் முக்கியம்: குடும்பம் அங்கேயே குடியிருக்கும் வீடாகப் பாருங்கள்.

பல இடங்களில் இரண்டு பேருக்கான வாடகையையே சொல்வார்கள். வார நாள், நாலு ராத்திரி, சாப்பாடும் இங்கேதான் என்று சொல்லிக் குறைத்துக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை. அடையாளத்துக்கு ஆதாரின் முதல் எட்டு எண் மறைத்த நகல் போதும்.

சிற்றூரில் சிக்னல் போனால் யூ.பி.ஐ.யும் போகும். நாலாயிரம் ரூபாயை நூறும் ஐம்பதுமாகப் பெங்களூரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மேப்பையும் ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

சாப்பாடு

சிவப்புப் புழுங்கல் அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த குழம்பு, தம்புளி (மோர் சேர்த்து அரைத்த குளிர்ந்த குழம்பு), கோகம் சாறு. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பிரச்சினையே இல்லை. மீன் பிரியர்கள் பெயர் தெரியாமல் விழிக்க வேண்டாம்: பாங்டா என்றால் நம் கானாங்கெளுத்தி, தார்லே என்றால் மத்தி, இஸ்வான் என்றால் வஞ்சரம். வெளியே சாப்பிடுவதாக இருந்தால் மதியம் மூன்றுக்குள் போய்விடுங்கள். சின்ன ஊர் ஓட்டல்கள் அதற்குமேல் அடுப்பை அணைத்துவிடும். ரயிலில் இறங்கும் அன்று காலைக்கு வாழைப்பழமும் பிஸ்கெட்டும் பையில் இருக்கட்டும்.

கடலைப் பற்றி, கொஞ்சம் விரிவாகவே

தனியாகப் போனால் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். பெங்களூர் அபார்ட்மெண்ட் குளத்தில் பழகிய நீச்சல் இந்தக் கடலில் கைகொடுக்காது.

ஆபத்தான இடம் பார்க்க ஆபத்தாக இருக்காது, அதுதான் சிக்கல். கரையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, சலனமில்லாமல் தெரியும். நுரையும் கலங்கிய மணலும் அதன் வழியே உள்ளே போய்க்கொண்டிருக்கும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் பாதை அது. அலை குறைவு என்று புதிதாக வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இறக்க நேரத்தில் இழுப்பு இதைவிடக் கடுமை. அங்கே கால்கூட வைக்காதீர்கள்.

பாறையில் உட்காரும்போது ஈரக்கோட்டைப் பாருங்கள். பாறை எந்த உயரம் வரை கருத்து நனைந்திருக்கிறதோ அதுவரை ஏதோ ஓர் அலை வந்து போயிருக்கிறது. அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலே உட்காருங்கள். பாசி படர்ந்த பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும். குதிகாலில் வார் உள்ள சாண்டல் கொண்டுபோங்கள்.

ஏற்ற இறக்க அட்டவணையை இணையத்தில் பார்த்து நாலு நாளுக்கும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் மிக உயரும், மிக வற்றும். பாறை மூக்கைச் சுற்றி அடுத்த கரைக்கு நடப்பதென்றால் இறக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்பி, தண்ணீர் முழுக்க வற்றும் நேரத்தில் திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். தாமதித்தால் வந்த வழி தண்ணீருக்குள் போயிருக்கும். சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும், டார்ச் கையில் இருக்கட்டும்.

அங்கே என்ன செய்வது

முதல் நாள் ஒன்றும் வேண்டாம், தூங்குங்கள். இரண்டாம் நாள் கைகால் பரபரக்கும். ஏதாவது செய்தே ஆக வேண்டும் போல் இருக்கும். அங்கேதான் பலர் டாக்ஸி பிடித்து ஜோக் நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாள் கழிமுக நடை, ஒரு நாள் படகு, ஒரு நாள் மிர்ஜான் கோட்டை. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிடுங்கள். எடுத்துப் போனால் திறப்பீர்கள்.

வீட்டில் அக்காவோ தம்பியோ ஒருவரிடம் ரயில் பெட்டி எண், தங்கும் வீட்டுக்காரரின் போன் எண், திரும்பும் நாள் மூன்றையும் கொடுங்கள். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு செய்தி. ஒன்பது வரை வரவில்லையென்றால் முதலில் வீட்டுக்காரரை அழைக்க வேண்டும், அவரும் எடுக்கவில்லையென்றால் 112. இதைப் பேசி வைத்துக்கொண்டால் நாள் முழுக்க "எங்கே இருக்கே?" என்று போன் வராது.

அலுப்பு வேறு, மனசு உடைந்துபோயிருப்பது வேறு. தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் தனியாகக் கடலோரம் போவது மருந்தாகாது. 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். பயணத்தைத் தள்ளிவைக்கலாம், இதைத் தள்ளிவைக்க வேண்டாம்.

பையில் மறக்கக் கூடாதவை: சீக்கிரம் காயும் வேட்டித் துண்டு இரண்டு, ஓ.ஆர்.எஸ். ஐந்து பாக்கெட், வழக்கமான மாத்திரைகள் இரண்டு நாள் கூடுதலாக, ஓடோமாஸ், விசில், பவர் பேங்க், போனுக்கு ஜிப் உறை. உப்புக் காற்றில் சார்ஜ் போடும் துளை ஈரமாகி வேலை செய்யாமல் போகும். ராத்திரி துடைத்து, கொஞ்ச நேரம் காயவிட்டுச் சொருகுங்கள்.

திரும்பும் வண்டி தாமதமாகலாம். அதனால் சனிக்கிழமைக்கு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், கல்யாண வரவேற்பானாலும் சரி. திங்கள் காலை முதல் மீட்டிங்கைப் பதினொன்றுக்குத் தள்ளிவைக்கும் கோரிக்கையை லீவு எழுதும் அன்றே அனுப்பிவிடுங்கள்; வந்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.