பிராசசர் வதந்திகள்: நம்புவதிலும் ஒதுக்குவதிலும் செய்யும் தவறுகள்

2018 டிசம்பரில் ஒரு பட்டியல் இணையமெங்கும் சுற்றியது. சில்லு நிறுவனமான ஏஎம்டியின் அடுத்த ரைசன் வரிசையில் 16 கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட பிராசசர் வருகிறது, வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், விலை 499 டாலர் என்றது அது. மறு ஆண்டு வந்த ரைசன் 9 3950எக்ஸில் 16 கோர்கள் இருந்தன. ஆனால் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், விலை 749 டாலர். 499 டாலருக்குக் கிடைத்தது 12 கோர்தான்.

அந்தப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்களும் தவறினார்கள்; கட்டுக்கதை என்று மொத்தமாக ஒதுக்கியவர்களும் தவறினார்கள். கோர் எண்ணிக்கை வடிவமைப்புக் கட்டத்திலேயே முடிவாகிவிடும். மதர்போர்டு செய்பவர்கள் உட்படப் பலருக்கு அது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், எனவே கசியும். வேகம் அப்படியல்ல. ஆலையிலிருந்து வரும் சில்லுகளைச் சோதித்துத் தரம் பிரித்த பிறகே அது உறுதியாகும். விலையோ கடைசி நாளிலும் மாறும். 2019 ஜூலை 7 அன்று விற்பனைக்கு வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கிராஃபிக்ஸ் கார்டின் விலையை, அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஏஎம்டி 449 டாலரிலிருந்து 399 டாலராகக் குறைத்தது. அப்படியிருக்க, ஏழு மாதம் முன்பே விலை சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார்.

2019 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில் ஏஎம்டி தலைவர் லிசா சூ அந்த வரிசைப் பிராசசர் ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டினார். பலகையில் ஒரு பெரிய சிலிக்கான் துண்டு, ஒரு சிறிய துண்டு. சிறியதன் பக்கத்தில், அதே அளவில் இன்னொன்று உட்காரும்படி வெற்றிடம். மேடையில் ஓடிக்காட்டியது அந்த ஒரே சிறிய துண்டின் 8 கோர் மட்டுமே. ஆனாலும் 16 கோர் வரும் என்பதற்கு அந்த வெற்றிடத்தைவிட நல்ல சாட்சி எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்த தவறு, சதவீதத்தைக் கேட்டதும் மயங்குவது. ஏஎம்டியின் பிற்காலக் கோர் வடிவமைப்பான ஜென் 5 வெளிவரும் முன், ஒரு கோரின் வேகம் 40 சதவீதத்துக்கு மேல் கூடும் என்று பேச்சு பரவியது. 2024 ஜூனில் ஏஎம்டியே சொன்ன சராசரி, ஒரே கடிகார வேகத்தில் 16 சதவீதம். எதைவிட, எந்த வேலையில், எத்தனை வாட்டில் என்று சொல்லாத சதவீதத்துக்குப் பொருளே இல்லை. கைமாறும்போதெல்லாம் அதற்குக் கண், காது, மூக்கு வைத்துவிடுகிறார்கள்.

கசிந்த பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்களும் அப்படித்தான். பெரும்பாலும் அவை குறைந்த வேகத்தில் ஓடும் சோதனை மாதிரிகளுடையவை. பிராசசரின் பெயரையே மாற்றிப் பதிவேற்றவும் முடியும்.

பலர் கவனிக்காமல் விடுவது, நிரல்களைப் பிராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர்களின் நிரல்களை. மேசைக் கணினிகளுக்கான ஜென் 5 கடைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். அதன் புதிய கட்டளைகளை அந்தப் பிப்ரவரியிலேயே ஏஎம்டி பொறியாளர்கள் ஜிசிசி என்ற திறந்தமூலக் கம்பைலருக்கு வெளிப்படையாக அனுப்பிவிட்டார்கள். படிக்கச் சலிப்பூட்டும், ஆனால் நம்பத்தக்கது.

நிறுவனமே சொல்லிவிட்டதே என்று தேதியை நம்புவதும் தவறு. 10 நானோமீட்டர் என்ற புதிய தயாரிப்பு முறையில் செய்யும் தனது பிராசசர்கள் 2017 இரண்டாம் பாதியில் வரும் என்று இன்டெல் 2015 ஜூலையில் அறிவித்தது. 2018இல்தான் வெளிவந்த அந்த வகைப் பிராசசரான கோர் ஐ3-8121யூவில் இருந்தவை இரண்டே கோர்கள்; உள்ளிருந்த கிராஃபிக்ஸும் இயங்காதபடி முடக்கப்பட்டிருந்தது.